தேம்ஸ் ஓடக்காரர் சங்கம்: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டன் பாலத்தின் வடக்குக் கரையில், பழைய பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஓர் ஒடுங்கிய தெரு இருக்கிறது. பெயர் செயின்ட் மேரி அட் ஹில். அந்தத் தெருவில் 1780இல் கட்டிய ஒரு கூடம். வாசலில் கூட்டம் இருக்காது, பெரிய பலகையும் கிடையாது. தேம்ஸ் ஆற்றில் ஆட்களை ஏற்றிச் சென்றவர்களும் சரக்கு ஏற்றிச் சென்றவர்களும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் வீடு அது. முழுப் பெயர் வாட்டர்மென் அண்ட் லைட்டர்மென் கம்பெனி. ‘கம்பெனி’ என்றதும் வியாபார நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய லண்டனில் ஒரு தொழில் செய்வோர் கூடி வைத்த சங்கத்துக்கு அதுதான் பெயர்.

ஈஸ்ட்ஹாமிலும் மேனர் பார்க்கிலும் குடியேறும் நம்மவர்கள் ஆற்றுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு ஆற்றைப் பார்க்காமலே வருடங்களைக் கழித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தச் சங்கத்தின் படகுப் போட்டிகள், அறப்பணிகள், கூடல்கள் ஆகியவற்றுக்குள் வெளியாள் ஒருவர் எப்படி நுழையலாம் என்று நான் அறிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சொற்கள்

வாட்டர்மேன் என்றால் ஆட்களை ஏற்றிப் போகும் ஓடக்காரர். லைட்டர்மேன் என்றால் கப்பலிலிருந்து சரக்கை இறக்கித் தட்டையான படகில் கரைக்குக் கொண்டுவருபவர். கப்பலின் பாரத்தைக் குறைப்பதால் அந்தப் படகுக்கு ‘லைட்டர்’ என்று பெயர். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வரும்வரை கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலில் தள்ளி நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை வாங்கி வரும். லைட்டர்மேன் என்பவர் தேம்ஸின் தோணிக்காரர். இரண்டு தொழிலையும் கலந்து ‘போட்மேன்’ என்று அழைத்தால் முகம் கொஞ்சம் சுருங்கும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் தலைவர் மாஸ்டர். அவருக்குத் துணையாக வார்டன்கள், நிர்வாகக் குழுவாகிய ‘கோர்ட்’. அன்றாடக் காரியங்களைக் கவனிப்பவர் கிளார்க். எதைக் கேட்டும் நீங்கள் எழுத வேண்டியது கிளார்க்குக்குத்தான். இங்கே அந்தப் பதவி குமாஸ்தா வேலை அல்ல, செயலாளர் பதவி. பயிற்சி முடித்துச் சங்கத்தில் சேர்க்கப்பட்டவருக்கு ‘ஃப்ரீமன்’ என்று பெயர்.

வரலாறு எவ்வளவு தெரிந்தால் போதும்? மூன்று ஆண்டுகள் போதும். 1514இல் ஓடக்கூலியை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1555இல் இன்னொரு சட்டத்தால் சங்கம் அமைந்தது. 1700இல் சரக்குப் படகுக்காரர்களும் உள்ளே வந்தார்கள். அந்தக் காலத்து லண்டனில் ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலம்தான். மற்றபடி எல்லோரும் படித்துறைக்கு வந்து ஓடக்காரரைக் கூப்பிட வேண்டும். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாலமும் இவர்கள் வயிற்றில் விழுந்த அடிதான்.

லண்டன் நகரில் இதுபோன்ற நூற்றுக்கும் மேற்பட்ட பழைய தொழில் சங்கங்கள் ‘லிவரி’ என்னும் அங்கி உரிமை பெற்றவை. ‘சிட்டி’ எனப்படும் பழைய நகரப் பகுதியின் லார்ட் மேயரைத் தேர்ந்தெடுப்பதில் அவற்றின் உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு. ஓடக்காரர் சங்கத்துக்கு அந்த அங்கி இல்லை. ஆனால் அங்கி உள்ள சங்கங்கள் பலவற்றில் இன்று அந்தத் தொழிலைச் செய்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. நேற்று ஆற்றில் படகு ஓட்டியவர் இன்று கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இந்தச் சங்கத்தை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

அடுத்து ஓத அட்டவணை

கடிகாரத்துக்கு முன்னால் இதைப் பார்க்கப் பழகுங்கள். லண்டன் பாலத்தடியில் தேம்ஸ் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. அந்த ஏற்ற இறக்கம்தான் ஓதம். பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 7 மீட்டர் வித்தியாசம் இருக்கும், அதாவது இரண்டு மாடி உயரம். லண்டன் துறைமுக ஆணையம் இந்த அட்டவணையை இலவசமாக வெளியிடுகிறது. ஆற்றில் நடக்கும் எந்தப் போட்டியும் விழாவும் இதைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறது. அதனால் போன வருடம் காலையில் நடந்தது இந்த வருடம் மதியத்துக்கு மாறலாம், மாதமே கூட மாறலாம்.

முதல் முறை நான் போட்டி நாளை மட்டும் குறித்துக்கொண்டு, நேரத்தைப் பழைய அறிவிப்பு ஒன்றில் பார்த்துவிட்டுப் போனேன். பாலத்தில் போய் நின்றபோது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அட்டவணை பார்க்காமல் நான் ஆற்றுப் பக்கம் போவதில்லை.

பழைய படித்துறைகளில் இறங்க ஆசை வரும். வாப்பிங் ஓல்ட் ஸ்டேர்ஸ் போன்ற இடங்கள் படத்தில் அழகாக இருக்கும். படிகளில் பாசி வழுக்கும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் நின்ற இடம் சீக்கிரமே மூழ்கிவிடும். இறக்கம் நடக்கும்போது மட்டும், ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு இறங்குங்கள். கரைச் சேற்றில் எதையாவது தேடவோ தோண்டவோ வேண்டுமென்றால் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். குழந்தைகள் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துச் சேற்றைக் கிளறச் சொன்னாலும் அந்த விதி பொருந்தும்.

டாகெட் போட்டியைப் பார்ப்பது

ஒரே ஒரு நாள்தான் ஆற்றுக்கு ஒதுக்க முடியும் என்றால் அது இந்த நாளாக இருக்கட்டும்.

தாமஸ் டாகெட் ஐரிஷ் நாட்டு நகைச்சுவை நடிகர். டிரூரி லேன் நாடகக் கொட்டகையை நடத்தியவர்களில் ஒருவர். முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியதன் முதலாண்டு நிறைவுக்காக, 1715இல் ஆறு இளம் ஓடக்காரர்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார். ஓர் இரவு நீரோட்டத்தை எதிர்த்து வர எல்லா ஓடக்காரரும் மறுத்தபோது பயிற்சி முடித்த ஒரு பையன் மட்டும் அவரை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான், அந்த நன்றிக்கடன்தான் பந்தயம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, ஓடக்காரர்கள் அதை விரும்பிச் சொல்கிறார்கள். பாடுபட்டுப் படகு வலிப்பவனைப் பார்த்து ஒருவர் மதித்தார் என்பதுதான் அதில் அவர்களுக்கு முக்கியம்.

1721இல் டாகெட் இறந்தபோது பந்தயம் என்றென்றும் நடக்க வேண்டும் என்று உயில் எழுதிவைத்திருந்தார். மீன் வணிகர் சங்கமான ஃபிஷ்மாங்கர்ஸ் கம்பெனி அந்தப் பொறுப்பை ஏற்று இன்றுவரை நடத்துகிறது. போட்டியாளர்கள் ஓடக்காரர் சங்கத்துப் பிள்ளைகள். உலகில் விடாமல் நடந்துவரும் மிகப் பழைய படகுப் பந்தயம் இதுதான் என்பார்கள். இரண்டு உலகப் போர்களின்போது நிறுத்திவைக்க வேண்டி வந்தது. போர் முடிந்ததும், தவறிப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய பந்தயத்தைத் தனித்தனியாக நடத்திக் கணக்கைச் சரிசெய்தார்கள்.

தூரம் 4 மைல் 5 ஃபர்லாங், சுமார் 7.4 கிலோமீட்டர். லண்டன் பாலத்தில் தொடங்கிச் செல்சியில் உள்ள கடோகன் பியரில் முடியும். ஒரு படகுக்கு ஒருவர், கைக்கு ஒரு துடுப்பு. அந்தக் காலத்தில் பயணிகளை ஏற்றும் கனமான ஓடத்தில், இறங்கும் நீரை எதிர்த்து வலித்தார்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும். இப்போது ஏறும் நீரோடு, ஒல்லியான பந்தயப் படகில் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. 1973இல் ஒருவர் 23 நிமிடம் 22 வினாடியில் முடித்திருக்கிறார். முதன்முதலாக ஒரு பெண் போட்டியிட்டது 1992இல். அதற்கு முன் கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

வென்றவருக்குப் பரிசு ஒரு கோட்டும் ஒரு வெள்ளி வில்லையும். உயிலில் ஆரஞ்சு நிறக் கோட்டும் 12 அவுன்ஸ் வெள்ளியும் என்று இருந்தது. இன்று கோட்டு சிவப்பு. கையில் அணியும் வில்லை சாப்பாட்டுத் தட்டைப் போல அகலமாக இருக்கும். அதில் ஹானோவர் வம்சத்து வெள்ளைக் குதிரையும் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் பொறித்திருக்கும். வென்றவர் வாழ்நாள் முழுவதும் டாகெட் கோட்டுக்காரர். சங்க விழாக்களில் பழைய வெற்றியாளர்கள் அந்தச் சிவப்புக் கோட்டோடு வரிசையாக நிற்பார்கள். எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே உடுப்பில் நிற்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தச் சங்கம் என்னவென்று புரிந்தது.

எங்கே நிற்பது? தொடக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் பாலத்தின் மேற்கு நடைபாதை. கிழக்குப் பக்கம் டவர் பிரிட்ஜ் தெரியும், கூட்டமும் அங்கேதான் திரும்பி நிற்கும். படகுகள் போவது மேற்கே. பாலத்தின் வடமேற்கு மூலையில் இருப்பது ஃபிஷ்மாங்கர்ஸ் ஹால். நடுப் போட்டிக்கு மில்லேனியம் நடைபாலம் நல்லது, வண்டிகள் இல்லை, குழந்தைகளோடு நிற்கலாம். என்னைக் கேட்டால் முடிவைப் பாருங்கள். ஸ்லோன் ஸ்குவேர் ரயில் நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் கடோகன் பியர். ஆல்பர்ட் பாலத்தின் கிழக்கு நடைபாதையில் நின்றால் படகுகள் நேராக உங்களை நோக்கி வரும். தொடக்கத்தையும் முடிவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று ரயிலில் ஓடாதீர்கள். படகு முந்திவிடும்.

போட்டியாளர் ஆறு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். சில ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. கடைசியாக வருபவருக்கும் கரையிலிருந்து வெற்றியாளருக்குக் கிடைத்த அதே ஆரவாரம் கிடைக்கும். அவர் வரும்வரை நில்லுங்கள்.

படகில் ஏறுவது

பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. தேம்ஸில் நேராகத் துடுப்புப் பிடிப்பதற்கு முன் அசையாத தண்ணீரில் பழகுவது நல்லது. கிழக்கு லண்டன்காரருக்கு ராயல் ஆல்பர்ட் டாக்கில் 2000 மீட்டர் நீர்ப்பாதை இருக்கிறது. டி.எல்.ஆர். ரயிலில் ராயல் ஆல்பர்ட் நிலையத்தில் இறங்கினால் பக்கம். டெட்ஃபோர்டில் உள்ள அஹோய் சென்டர் ஓர் அறக்கட்டளை. வசதியில்லாத பிள்ளைகளுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் படகுப் பயிற்சி தருகிறது. ஐல் ஆஃப் டாக்ஸில் 1845இல் தொடங்கிய பாப்லர் பிளாக்வால் கழகம் இருக்கிறது. டாகெட் கோட்டு வாங்கிய பலர் அங்கே வலித்துப் பழகியவர்கள்.

முதல் நாள் போகுமுன் நீச்சல் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்; முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். தளர்ந்த ஆடை வேண்டாம், துப்பட்டா நிச்சயமாக வேண்டாம். கையில் கொப்புளம் வரும், அதை மூடி வையுங்கள். ஆற்றுத் தண்ணீர் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள். ஆற்றுநீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் வேடிக்கையான விஷயமில்லை.

சறுக்கு இருக்கை உள்ள ஒல்லிப் படகைவிட, நம்மைப் போல வயதுவந்த பிறகு தொடங்குபவர்களுக்கு ‘கட்டர்’ ஏற்றது. 34 அடி நீளம், நிலையான பலகை இருக்கை, நாலு அல்லது ஆறு பேர் வலிப்பார்கள், சுக்கான் பிடிக்க ஒருவர், நடுவில் பயணி உட்கார இடம். பழைய ஓடக்காரர் படகின் சாயலில் செய்தது. லண்டனின் பழைய தொழில் சங்கங்கள் பல ஆளுக்கொரு கட்டர் வைத்திருக்கின்றன.

கட்டரில் கை பழகியதும் செப்டம்பரில் நடக்கும் கிரேட் ரிவர் ரேஸுக்குக் குழு சேர்க்கலாம். 1988 முதல் நடக்கிறது. மில்வாலில் தொடங்கி ரிச்மண்டை அடுத்த ஹாம் வரை 21.6 மைல். சுமார் 300 படகுகள் வரும்: கார்ன்வாலின் கிக், அயர்லாந்தின் கரக், சீன டிராகன் படகு, கடற்படைத் திமிங்கிலப் படகு. மெதுவான படகை முதலில் விடுவார்கள், வேகமானது கடைசியில் கிளம்பித் துரத்தும். வெல்பவருக்குத் தரப்படும் கோப்பை ஓடக்காரர் சங்கத்தின் பெயரில் உள்ளது. இதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். குறைந்தது நாலு துடுப்பு, சுக்கான் பிடிப்பவர் தவிர, ஒவ்வொரு படகும் ஒரு பயணியையும் ஏற்றியாக வேண்டும். ஓடம் இருப்பதே ஆளை ஏற்றத்தானே. வலிக்கத் தெம்பு இல்லாத மாமாவையோ பாட்டியையோ அழைத்துப்போய்ப் பயணியாக உட்கார வைக்கலாம். லைஃப் ஜாக்கெட்டும் போர்வையும் தேவை. பல குழுக்கள் ஏதாவது ஓர் அறப்பணிக்கு நிதி திரட்டத்தான் இதில் கலந்துகொள்கின்றன.

கரையிலிருந்து பார்ப்பவர்கள் ரிச்மண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றோர நடைபாதையில் தெற்கே நடந்தால் ஹாம் வரும். புல்வெளி இருக்கிறது, தயிர்சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம்.

தோணிக்காரர்களின் வித்தையைப் பார்க்க ‘பார்ஜ் டிரைவிங்’ பந்தயம் இருக்கிறது. 1975இல் தொடங்கியது. 30 டன் இரும்புப் படகை எஞ்சின் இல்லாமல், நீளமான துடுப்புகளை மட்டும் வைத்து கிரீனிச்சிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை 7 மைல் ஓட்டுவார்கள். உண்மையில் படகை ஓட்டுவது ஓதம்தான். நீரோட்டம் பாலத்தின் எந்த வளைவுக்கடியில் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்து அதில் படகைச் செருகத் தெரிய வேண்டும். துறைமுகங்கள் கிழக்கே டில்பரிக்குப் போய், 1981க்குள் லண்டன் டாக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தோணிக்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்கள் கையோடு போயிருக்க வேண்டிய அறிவு இந்தப் பந்தயத்தில் பிழைத்திருக்கிறது.

ராஜாங்க விழாக்கள் பற்றிச் சுருக்கமாக. ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து டவர் வரை நடக்கும் ‘டியூடர் புல்’ என்ற படகு ஊர்வலத்தைக் கரையில் எங்கிருந்தும் பார்க்கலாம். 2012இல் கட்டிய 18 துடுப்பு அரசப் படகு குளோரியானா ஆற்றில் வரும் நாட்கள் முன்பே அறிவிக்கப்படும். அரசருக்கென்று 24 ஓடக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் இந்த ஆற்றில் தொழில் செய்பவர்கள்தான்.

அறப்பணிக்குக் கை கொடுப்பது

ஆற்றுத் தொழிலில் வயதானால் வருமானம் நின்றுவிடும். தோள் போனால் எல்லாம் போயிற்று. அதனால்தான் பழைய காலத்திலேயே சங்கம் ஏழை நிதி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடம் ஓட்டச் சங்கம் நியமித்தவர்களுக்கு மட்டுமே உரிமை இருந்தது. அந்த வருமானம் முதியவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் போனது. பாலம் வந்து ஞாயிறு ஓடம் நின்றபோது அதற்கு ஈட்டுத்தொகை கேட்டு வாங்கினார்கள். 1840 வாக்கில் பெஞ்ஜ் (Penge) என்ற ஊரில், சரக்குத்துறை உரிமையாளர் ஒருவர் தந்த நிலத்தில், ஓய்வுபெற்ற ஓடக்காரர்களுக்கும் விதவைகளுக்கும் வீட்டு வரிசை கட்டினார்கள். பழைய அரண்மனை போன்ற அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது அது தனியார் குடியிருப்பு. அங்கிருந்தவர்களை 1973இல் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் கட்டிய புது வீடுகளுக்கு மாற்றினார்கள்.

நன்கொடை தர நினைத்தால் கிளார்க்குக்கு எழுதி, எந்த நிதிக்கு என்று கேளுங்கள்: முதியோர் வீடு, தொழில் பயிலும் இளையோர் உதவி என்று தனித்தனியாக இருக்கும். எந்த அறக்கட்டளையானாலும் பணம் தருமுன் இங்கிலாந்து அறநிலைய ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடி எண்ணைச் சரிபாருங்கள். வருமான வரி கட்டுபவரானால் ‘கிஃப்ட் எய்ட்’ பெட்டியில் குறியிடுங்கள். உங்கள் 1 பவுண்டுக்கு அரசு 25 பென்ஸ் சேர்க்கும். பணம் இல்லாதவர் போட்டி நாளில் கரையில் தொண்டு செய்யலாம். நீர்ப் புட்டி கொடுக்க, படகைக் கரையேற்ற, எண் எழுத எப்போதும் ஆள் தேவை.

கூடத்துக்குப் போவது

முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். குழுவாக, முன்பே எழுதிக் கேட்டுச் செல்வதுதான் முறை. மானுமெண்ட் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. லண்டன் நகரில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் கட்டிய நிலையிலேயே மிஞ்சியிருக்கும் ஒரே சங்கக் கூடம் இதுதான். சங்கத்தின் பழைய கூடம் ஒன்று 1666 பெருந்தீயில் எரிந்துபோனது. விருந்துக்கு அழைப்பு வந்தால் அழைப்பிதழில் உடை குறிப்பிட்டிருக்கும். பட்டுப்புடவையோ வேட்டி சட்டையோ பொருந்துமா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள்.

பிள்ளையைத் தொழிலுக்கு விடுவது

இதைத்தான் என்னிடம் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆற்றில் வேலை இன்றும் இருக்கிறது. பயணிகள் படகு, இழுவைப் படகு, லண்டனின் குப்பையை ஏற்றிப் போகும் தோணி வரிசை. பள்ளி முடித்த ஆணோ பெண்ணோ பயிற்சிக்குச் சேரலாம். முன்பெல்லாம் அப்பன், மாமன், அண்ணன் வழியாகத்தான் இது நடந்தது. இன்று குடும்பத் தொடர்பு இல்லாதவர்களும் வருகிறார்கள். முதலில் ஆற்று நிறுவனம் ஒன்றில் வேலைக்கு இடம் தேட வேண்டும். பிறகு கூடத்தில், கோர்ட் முன்னால், தொழில் கற்றுத்தரும் ஒருவரிடம் (அவரையும் மாஸ்டர் என்றே சொல்வார்கள்) தொழில் பயில்பவராகக் கையெழுத்திட்டுச் சேர்வார்கள். அந்தச் சடங்குக்கு ‘பைண்டிங்’ என்று பெயர், பெற்றோரும் போகலாம். 2007 முதல் படகோட்டும் உரிமத்தைச் சங்கம் தருவதில்லை, கடலோரக் காவல் முகமைதான் தருகிறது. அதோடு தேம்ஸின் நீரோட்டம் தெரியும் என்பதற்குத் தனித்தேர்வும் உண்டு. இருந்தும் சங்கத்தின் பயிற்சி முறை அப்படியே தொடர்கிறது.

டாகெட் பந்தயம் இந்தப் பயிற்சியை முடித்தவர்களுக்கு மட்டும். வெளியிலிருந்து எவ்வளவு பெரிய விளையாட்டு வீரர் வந்தாலும் இடமில்லை. முன்பு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்புத்தான். இப்போது தோற்றவர் மறுபடி முயலலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு பிள்ளை அந்தச் சிவப்புக் கோட்டை வென்று ஆல்பர்ட் பாலத்தடியில் கரையேறும் நாளில், நான் பாலத்தின் கிழக்கு நடைபாதையில் நின்றிருப்பேன்.